ஒன்பதடிப் பலகையும் டீச்சரின் முட்டியும்

ஐந்தாவது முறையாக விழுந்து எழுந்து வந்த ஸ்டெல்லா டீச்சர் ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார். வலது முட்டியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். மூக்கிலிருந்து உப்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பக்கத்தில் நாங்கள் செய்த பலகை கிடந்தது. ஒன்பதடி நீளம், மலைவேம்பு மரம், மூன்று கை பூசிய வார்னிஷ். காலை வெயிலில் நெய் தடவிய அல்வா மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. ஐந்து முறை ஆளைக் கவிழ்த்துவிட்டு வந்த அடையாளமே அதன் முகத்தில் இல்லை.

"பலகை நெம்ப நல்லாருக்குதுங்ண்ணா" என்றார் டீச்சர். "முட்டிதானுங்க போச்சு."

அவர் வீட்டுக்காரர் தேவராஜ் பிளாஸ்க் மூடியில் காப்பி ஊற்றி நீட்டினார். டீச்சர் வாங்கவில்லை. தண்ணீரில் இறங்குமுன் அவர் கழற்றிக் கொடுத்த விசில், சிவப்புக் கயிற்றோடு தேவராஜின் மணிக்கட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

என் கூட்டாளி அப்பாஸ் பாய் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

ஏன் கடலைப் பார்த்தேன் என்பதைச் சொல்வதற்குத்தான் இந்த வாரம் முழுப் பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

கணபதிக்கு வந்த கடல்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இன்றுதான் பக்கத்தைத் திருப்பியவர்களுக்காக மறுபடியும் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூர் கணபதியில் நானும் அப்பாஸ் பாயும் கூட்டாக ஒரு பேட்டர்ன் கடை நடத்தினோம்.

பவுண்டரியில் இரும்பை உருக்கி ஊற்ற வேண்டுமென்றால் மண்ணில் அச்சுப் பள்ளம் வேண்டும். அந்தப் பள்ளம் விழ, அதே உருவத்தை முதலில் மரத்தில் செய்து, மண்ணுக்குள் புதைத்து, மண் உதிராமல் வெளியே எடுக்க வேண்டும். அந்த மர உருவத்துக்குப் பேர்தான் பேட்டர்ன். எங்கள் ஊரில் எத்தனையோ பம்புகள் முதலில் மரமாகப் பிறந்து, பிறகுதான் இரும்பாயின.

தேவராஜ் ஒரு பவுண்டரியில் சூப்பர்வைசர். எங்கள் வாடிக்கைக்காரர். பேசிப் பேசியே பொழுதைக் கழிக்கிற எனக்கு, பேசாமலே பொழுதைக் கழிக்கிற அவரை மிகவும் பிடிக்கும். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு கோடை விடுமுறைக்குச் சற்று முன்னால், ஒரு சாயங்காலம் மனைவியை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "இவங்க ஒண்ணு செய்யோணுங்கறாங்க. கேட்டுக்கங்க" என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

ஸ்டெல்லா டீச்சர் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. நாற்பதைத் தொடுகிற வயது. பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கப்போய், தானே களத்தில் இறங்கி விழுந்து, வலது முட்டி ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து விசில் ஊதுவதோடு சரி. பெரிய டீச்சர் நல்லபடியாகவே சொல்லியிருக்கிறார்: ஜூன் மாதத்திலிருந்து லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளுங்கள், அலைச்சல் இல்லை. விடுமுறை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டெல்லா டீச்சரின் அப்பா ரயில்வேக்காரர். கோழிக்கோட்டில் குவார்ட்டர்ஸ். அதனால் சின்ன வயதிலேயே கடல் பழக்கம். காலேஜ் படிக்கும்போது கோவளத்துக்குக் கேம்ப் போன இடத்தில் ஒரு வெள்ளைக்கார அம்மா பலகை மேல் நின்று அலையோடு கரைக்குச் சறுக்கிவருகிற சர்ஃபிங் செய்துகொண்டிருந்தாராம். அடுத்தடுத்து இரண்டு விடுமுறை அந்தம்மாவின் பலகையை இரவல் வாங்கி நின்று பழகியிருக்கிறார். அளவு டேப் இல்லாமல், தாவணி முனையால் அளந்து முடிச்சுப் போட்டு, அந்தப் பலகையை நோட்டில் வரைந்து வைத்திருந்தார். அந்தத் தாளைத்தான் என் மேசை மேல் விரித்தார்.

"எந்திரிச்சு நிக்கோணுங்ண்ணா. ஒரே ஒரு தடவை, கரை வரைக்கும். நின்னுட்டன்னா விசில வச்சுக்குவனுங்க. நிக்க முடியலீன்னா லைப்ரரிச் சாவிய வாங்கிக்குவேன்."

தேவராஜ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதற்கு இத்தனை நீளம்

எனக்கு முதலில் தோன்றியது மரச் செலவுதான். ஆறடியில் முடித்தால் மரமும் மிச்சம், பஸ் மேலேயே கட்டிக் கொண்டுபோகலாம் என்றேன். டீச்சர் சிரித்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன்.

குட்டைப் பலகை என்பது மொபெட். சந்துக்குள் புகும், நினைத்த இடத்தில் திரும்பும். ஆனால் வேகம் இல்லாவிட்டால் ஆளைத் தாங்காது. அலை செங்குத்தாக எழுந்து, இதோ உடையப்போகிறது என்கிற நேரத்தில்தான் அதைப் பிடிக்கும். குப்புறப் படுத்திருந்தவர் கண்ணை மூடித் திறப்பதற்குள் துள்ளி நின்றாக வேண்டும். அதற்கு இளம் முட்டி வேண்டும்.

நீளப் பலகை அப்படி இல்லை. அலை தூரத்தில் மெல்ல முதுகைத் தூக்கும்போதே அது உணர்ந்து நகர ஆரம்பித்துவிடும். இடுப்பளவு அலை போதும். கையை ஊன்று, ஒரு காலை இழு, மற்றதை ஊன்று, எழு என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுக்கும். நின்ற பிறகு அதன் மேல் முன்னும் பின்னும் நடக்கலாம். வயசானவர்கள், உடம்பு கனத்தவர்கள், புதுசாகப் பழகுகிறவர்கள் எல்லோரையும் அது ஏற்றிக்கொள்ளும்.

குறையையும் டீச்சர் மறைக்கவில்லை. திருப்புவது கரும்பு லாரியை முட்டுச்சந்தில் திருப்புகிற மாதிரி. கரையிலிருந்து உள்ளே போவது பெரிய பாடு. குட்டைப் பலகையை அமுக்கி அலைக்கு அடியில் நுழைந்துவிடலாம். இது அமுங்காது, அலை இதைத் தூக்கி நம் நெஞ்சிலேயே அடிக்கும். செங்குத்தான அலையில் பலகையின் மூக்கு தண்ணீருக்குள் குத்திக்கொள்ளும். கையை விட்டு நழுவினால் அவிழ்த்துவிட்ட காளைதான், எதிரே யார் இருந்தாலும் பார்க்காது. தூக்க இரண்டு ஆள், வைக்க ஒரு ரூம்.

அப்பாஸ் பாய் உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குப் பொண்ணு பார்த்தப்பக்கூட இத்தன குறைய முன்னாடியே யாரும் சொன்னதில்லீங்க டீச்சர். தைரியமாச் செய்யலாம்" என்றார்.

கிளம்பும்போது டீச்சர் படத்தில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். "ஓரம் மட்டும் வாழைத்தண்டு மாதிரி உருண்டிருக்கோணுங்ண்ணா. அது முக்கியம்." வாசற்படியில் நின்று இன்னொரு தடவையும் சொன்னார். நான் பென்சிலால் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டேன் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பழக்கம்

மேட்டுப்பாளையம் மர டிப்போவில் மலைவேம்பு எடுத்தோம். லேசான மரம். அப்படியும் முழுக் கட்டையாகச் செய்தால் டீச்சரால் நகர்த்த முடியாது. உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்கள் வைத்து, மேலும் கீழும் மெல்லிய பலகை ஒட்டி, இரண்டு பக்க ஓரத்துக்கு மட்டும் கெட்டி மரம் வைத்தோம். பாய் போட்ட இணைப்பில் மயிர் நுழையாது. அடியில் பின்பக்கம், மீனுக்கு முதுகில் இருப்பது மாதிரி ஒரு துடுப்பு.

பட்டறை நீளம் பத்தாமல் பலகையின் மூக்கு ரோட்டுக்கு நீண்டுகொண்டிருந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று விசாரித்தார்கள். எதிர்த்த லேத் பட்டறைக்காரர், ராட்சசன் சட்டைக்கு இஸ்திரி போடுகிற பலகையா என்று கேட்டார். ஒரு அம்மா, ஊஞ்சலுக்கு இதே மாதிரி ஒன்று வேண்டும், விலை என்ன என்று பையிலிருந்து பர்ஸை எடுத்துவிட்டார். கடலில் ஏறி நிற்கிற பலகை என்று நான் பெருமையாகச் சொல்லுவேன். கடைசியில், "சாமிகிட்ட வேலை குடுத்தா ஒரு குறை சொல்ல முடியாதுங்க" என்று என்னைப் பற்றி நானே சேர்த்துக்கொள்வேன்.

ஓரம் இழைக்கிற சமயத்தில் பாய்க்கு உடுமலைப்பேட்டையில் அக்கா மகள் நிக்காஹ். இரண்டு நாள் போய்விட்டார். நான் தனியாக இழைப்புளியை எடுத்தேன்.

இங்கே எங்கள் தொழிலின் ஒரு சங்கதியைச் சொல்லியாக வேண்டும். மண்ணில் புதைத்த பேட்டர்னை மேலே தூக்கும்போது பக்கங்கள் செங்குத்தாக இருந்தால் மண்ணைப் பிய்த்துக்கொண்டு வரும். அதனால் எல்லாப் பக்கமும், பட்டறையில் கிடக்கிற நிலையில் கீழே அகலமாக, மேலே போகப்போகக் குறுகலாக, ஒரு சரிவு வைப்போம்; மண்ணிலிருந்து எடுக்கும்போது அகலப் பக்கம்தான் மேலே இருக்கும். அதற்கு டேப்பர் என்று பேர். டேப்பர் வைத்து, அடி விளிம்பைக் கத்தி மாதிரி நேர்க்கோடாக நிறுத்தினால்தான் நல்ல வேலைக்காரன். இருபது வருஷம் அதையே செய்த கை. அது என்னைக் கேட்கவில்லை. வாழைத்தண்டு என்று எழுதிய தாள் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருக்க, என் கை பலகையின் இரண்டு ஓரத்துக்கும் தலையிலிருந்து வால் வரை அழகாக டேப்பர் கொடுத்து, அடி விளிம்பைக் கூராக நிறுத்திவிட்டது.

பாய் நிக்காஹ் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார். கட்டை விரலை விளிம்பில் ஓட்டினார்.

"டேப்பர் குடுத்துட்டியா சாமி?"

"எப்படி இருக்குது பாருங்க பாய். நூல் புடிச்ச மாதிரி."

"டீச்சர் உருட்டச் சொன்னாங்கல்ல?"

அப்போதுதான் ஆணியில் தொங்கிய தாளைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் அந்த விளிம்பின் அழகு என்னை விடவில்லை. அடுத்த வாரக் கடைசியில் கடலுக்குப் போவதாக ஏற்பாடு. மூன்று கை வார்னிஷ் காய வேண்டும். தண்ணீருக்கு என்ன தெரியும் பாய், உருண்டை என்ன சரிவு என்ன என்று சொல்லி வார்னிஷ் டப்பாவைத் திறந்தேன். பாய் பிரியாணியைப் பிரித்து எனக்குப் பாதி வைத்தார்.

வாளையார் தாண்டி

விடியுமுன் கிளம்பினோம். பவுண்டரியில் பம்பு ஏற்றுகிற வேன். பலகை உள்ளே முழுசாக அடங்காமல் பின்கதவைக் கயிற்றால் கட்டி, நுனியில் சிவப்புத் துணி தொங்கவிட்டோம்.

கேரள எல்லையில், வாளையார் செக்போஸ்ட்டில் நிறுத்தினார்கள். மரம் கொண்டுபோகிறீர்களே, பேப்பர் எங்கே என்று கேட்டார்கள். நான் பேட்டர்ன் என்று சொல்லிவைத்தேன். எந்த மிஷினுக்கு என்று அடுத்த கேள்வி. நான் யோசிப்பதற்குள் பொய்யே பேசத் தெரியாத தேவராஜ், "கடலுக்குங்க" என்றார். அந்த அதிகாரி பலகையை ஒரு தரம் பார்த்தார், எங்களை ஒரு தரம் பார்த்தார். இப்படிப்பட்டவர்களிடம் பேப்பர் கேட்டுப் பிரயோசனமில்லை என்று நினைத்திருப்பார். கையை அசைத்துவிட்டார்.

பொன்னானிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. மழைக்காலம் வந்துவிட்டால் அந்தக் கடலில் யாரும் இறங்க முடியாது. அதற்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அன்றைக்கு அலை இடுப்பளவுதான். ஒன்று உடைந்து அடுத்தது வருவதற்குள் ஒரு பீடி பற்றவைக்கலாம்.

நான் தொண்டாமுத்தூர்க் கிணற்றில் நீச்சல் பழகியவன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மேலேயிருந்து தள்ளிவிடுவார்கள். கிணற்று நீச்சல்காரனுக்கு ஒரு புத்தி உண்டு. மூச்சு முட்டினால் சுவரைத் தேடுவான். கடலில் சுவர் இல்லை. முழங்கால் ஆழத்தில் நின்றே நான் இரண்டு தடவை சுவரைத் தேடினேன்.

டீச்சர் பலகையின் மேல்புறத்தில் மெழுகுவத்தியை நன்றாகத் தேய்த்தார், கால் வழுக்காமலிருக்க. காலையும் பலகையையும் கயிற்றால் பிணைத்துக்கொள்கிற வழக்கம் இப்போது உண்டாம். அந்த வெள்ளைக்கார அம்மா காலத்துப் பலகையில் அது கிடையாது. எனவே விழுந்தால் பலகை தனியாகக் கரைக்குப் பாயும். அதைப் பிடிக்கிற வேலை எனக்கும் தேவராஜுக்கும். முதல் தடவையே என் கணுக்காலில் ஒரு அடி கொடுத்தது. இன்றைக்கும் மழைக்காலத்தில் அந்த இடம் என்னை விசாரிக்கும்.

அந்த நீளம் பற்றி அவர் சொன்னதெல்லாம் நிஜமாகத்தான் இருந்தது. அலை மெல்ல முதுகைத் தூக்கியதுமே பலகை புறப்பட்டது. டீச்சர் கையை ஊன்றி, காலை இழுத்து, நிதானமாக எழுந்து நின்றேவிட்டார். எங்களுக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் நின்று, உடம்பை ஒரு நூல் சாய்த்தார் பாருங்கள், பலகை அந்தப் பக்கம் தண்ணீரைக் கவ்விப் பிடித்துச் சட்டென்று நின்றது. அவர் பறந்துபோய் விழுந்தார். ஐந்து முறையும் அதே கதை. நிற்பார், சாய்வார், விளிம்பு கவ்வும், விழுவார்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நான் கடலைப் பார்த்த நேரம்

இப்போது தெரிந்திருக்கும், பாய் ஏன் என்னைப் பார்த்தார், நான் ஏன் கடலைப் பார்த்தேன் என்று.

மூன்றாவது தடவை அவர் விழுந்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டு பக்க விளிம்பும் கூர். உருண்டிருந்தால் தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு வழுக்கியிருக்கும். கூர் விளிம்பு கத்தி மாதிரி இறங்கி மாட்டிக்கொண்டது. மண்ணுக்குச் சரியான வேலை, தண்ணீருக்குத் தப்பான வேலை.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணபதி ரோட்டில் நின்று ஊர் பூராவும் என் வேலைக்குக் குறை கிடையாது என்று சொல்லிவைத்த வாய். அதுவுமில்லாமல் டீச்சரே பலகை நன்றாக இருக்கிறது என்று சொல்கிறார். எங்கள் ஊர் மரியாதை அப்படி. கல் கடிபட்டாலும் சோறு நன்றாக இருக்கிறதுங்க என்றுதான் சொல்லுவோம். அந்த மரியாதைக்குள் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன்.

பாய் என் பக்கத்தில் வந்து, கடலைப் பார்த்தபடியே மெல்லப் பேசினார்.

"மண்ணு ஒட்டாம எடுக்கறதுக்குத்தானே டேப்பர் குடுத்தே சாமி? நல்லா வேலை செய்யுது. அஞ்சு தடவையும் டீச்சரச் சுத்தமா வெளிய எடுத்துப்போட்டுச்சு."

நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அப்போதுதான் டீச்சர் எழுந்தார். மணலைத் தட்டிவிட்டுக்கொண்டார். தேவராஜின் மணிக்கட்டில் தொங்கிய விசிலை ஒரு தரம் பார்த்தார். வாங்கவில்லை.

"கெளம்பலாமுங்க. லைப்ரரின்னா ஃபேன் இருக்கும். நெழல்ல உக்காந்துக்கலாம்."

வாயில்லாத தேவராஜ் அந்த விசில் கயிற்றை மணிக்கட்டில் இன்னொரு சுற்றுச் சுற்றினார். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"டீச்சர், முட்டி இல்லீங்க. பலகைங்க. நான் தப்பாச் செஞ்சுபோட்டேன்."

அவர் நம்பவில்லை. அதுதான் வேடிக்கை. "ஆறுதலுக்குச் சொல்றீங்ண்ணா. பரவால்லீங்க" என்று சிரிக்கப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒருவன் உண்மையாகத் தப்பை ஒத்துக்கொண்டாலும் அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொள்வார்கள்.

பலகையைத் திருப்பிப் போட்டேன். அவர் கையைப் பிடித்து உள்ளங்கையை விளிம்பில் வைத்து அழுத்தினேன். எடுத்தபோது கையில் சிவப்பாக ஒரு கோடு.

"நீங்க சொன்னது வாழைத்தண்டு. இது என்னங்க டீச்சர்? எழுதி வச்சுட்டே இப்படிச் செஞ்சேன். பாய் கேட்டாரு. அப்பவும் மாத்தல."

டீச்சர் அந்தக் கோட்டைப் பார்த்தார். ஓரம் முழுக்கத் தலை முதல் வால் வரை விரலை ஓட்டினார். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது.

"ரெண்டு தடவ சொன்னேன்" என்றார். அண்ணாவும் இல்லை, ங்கவும் இல்லை. நாங்கள் பழகிய இத்தனை வருஷத்தில் அந்த ஒரு வாக்கியம்தான் அவர் எனக்கு அப்படிச் சொன்னது.

பாயின் துண்டு மூட்டை

கோயமுத்தூர் போய்ச் சரிசெய்து அடுத்த வாரம் வரலாம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் பாய் வேனுக்குப் போய் ஒரு துண்டு மூட்டையை எடுத்து வந்து மணலில் பிரித்தார். பாதி வட்ட மர அரம் இரண்டு. உப்புத்தாள் ஒரு கட்டு.

"இத எப்பப் பாய் எடுத்து வச்சீங்க?"

"நீ வார்னிஷ் டப்பாவத் திறந்தப்பவே" என்றார்.

இரண்டு மண்மேட்டின் மேல் பலகையைக் கவிழ்த்துப் போட்டோம். ஆளுக்கு ஒரு ஓரம். பதினோரு மணிக்கு மேல் காற்றுத் திரும்பி அலையைக் குழப்பிவிடும் என்று வலைக்காரர்கள் பாயிடம் மலையாளத்தில் சொன்னார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

வாழ்நாள் பூராவும் கூராக நிறுத்திய விளிம்பை என் கையாலேயே கொன்றேன். முதலில் அரம் ஓடவே மாட்டேன் என்றது. அரம் இல்லை, மனசு. மூன்று கை வார்னிஷ் பொடிப்பொடியாகப் பறந்து வியர்வையில் ஒட்டியது. டீச்சர் பக்கத்திலேயே உட்கார்ந்து உள்ளங்கையால் தடவித் தடவி, இங்கே இன்னும், இங்கே போதும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். வால் பக்கம் கடைசி ஒரு அடியை மட்டும் கூராகவே விடச் சொன்னார். அங்கே தண்ணீர் விலக வேண்டுமாம். என் டேப்பரில் அந்த ஒரு அடியாவது பிழைத்ததே என்று எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

வார்னிஷ் போன இடத்தில் மரம் தண்ணீர் குடிக்கும். மிச்சமிருந்த மெழுகுவத்தி முழுவதையும் அங்கே தேய்த்து அடைத்தோம். அழகாக இருந்த பலகை சொறி பிடித்த மாதிரி ஆனது. எங்கள் கடையிலிருந்து அப்படி ஒரு பொருள் வெளியே போனதில்லை.

டீச்சர் தேவராஜோடு பலகையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். உள்ளே போகிற பாடு பழைய பாடுதான். மூன்று அலை பலகையை அவர் நெஞ்சில் அடித்தது. நான்காவதைத் தாண்டி, திருப்பி, குப்புறப் படுத்துக் காத்திருந்தார். ஒன்றை விட்டார். இன்னொன்றையும் விட்டார். தேவராஜ் இடுப்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றார். விசில் இருந்த கை மட்டும் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

ஒரு அலை மெல்ல முதுகைத் தூக்கியது. பலகை நகர்ந்தது. கை ஊன்றினார். காலை இழுத்தார். வலது முட்டி ஒரு கணம் நடுங்கியதைக் கரையிலிருந்தே பார்த்தேன். நின்றார்.

சாய்ந்தார்.

பலகையும் கூடவே சாய்ந்தது, கவ்வாமல். அலையின் தோள் மீது குறுக்காக வழுக்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு நீளப் பலகை, அவ்வளவு நிதானம். கோயில் தேர் திரும்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மெதுவாக வருவதில் ஒரு அதிகாரம் உண்டு. அலை தேய்ந்து நுரையாகி, நுரையும் தேய்ந்து முழங்கால் தண்ணீராகிற வரைக்கும் அவர் நின்றபடியே வந்தார். வலைக்காரர்களில் ஒருவர் எழுந்து நின்று துண்டை வீசினார்.

டீச்சர் பலகையை இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். மூச்சு வாங்கியது. நன்றி சொல்லப்போகிறார், பரவாயில்லைங்க என்று சொல்ல வேண்டும் என்று நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"ஏனுங்ண்ணா, பென்சில் இருக்குதுங்ளா? எழுதிக்கங்க. இடது ஓரம் நடுவுல இன்னும் உருளல. வாலு கனம், பின்னால இழுக்குது. துடுப்பு ஒரு அங்குலம் பத்தல. மூக்கு இன்னும் சித்த மேல வளையோணும். தூக்கறதுக்குக் கைப்புடி வைக்காம விட்டுப்போட்டீங்க. இந்தக் கனம் ஆகாதுங்க, உள்ள சட்டத்தக் கொறைங்க..."

அடுக்கிக்கொண்டே போனார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, உப்புத்தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாக எழுதினேன். என் வேலைக்கு இத்தனை குறை ஒரே மூச்சில் யாரும் சொன்னதில்லை. அத்தனையும் பலகையின் குறை. பாய் வேறு பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எட்டு ஆயிற்று. ஒன்பதாவதாக முட்டியைச் சொல்வாரோ என்று பென்சிலை நிறுத்திக் காத்திருந்தேன்.

"அவ்வளவுதானுங்ண்ணா. எழுதிட்டீங்ளா?" என்றார் டீச்சர். பிறகு தேவராஜிடம் கையை நீட்டி விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஆறிப்போன காப்பியைக் கேட்டார்.